பிரிக் மாடலில் விளக்கு எரியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

லெகோ மாடலுக்குள் மாட்டிய விளக்கு எரியாமல் போனால் விளக்கே கெட்டிருப்பது அபூர்வம். அதற்கு மின்சாரம் வரும் பாதையில்தான் கோளாறு இருக்கும்: அடாப்டரில், பிளக்கில், இல்லையென்றால் ஏதோ ஒரு கட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் வயரில். தேடுவதும் இந்த வரிசையில்தான். கட்டையைப் பெயர்ப்பது கடைசி வேலை.

இரண்டு சொல்லை மட்டும் முதலில் பார்த்துக்கொள்வோம். கட்டையின் தலையில் இருக்கும் ஸ்டட்டை இங்கே குமிழ் என்கிறோம். ஒரு வயரில் வரும் மின்சாரத்தை 6, 8 அல்லது 12 வழியாகப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பலகைதான் போர்டு.

கையில் இருக்க வேண்டியவை: கூர்மூக்குச் சாமணம் (நகை ஆசாரியும் கடிகாரம் பழுது பார்ப்பவரும் வைத்திருப்பது), சாதாரண மல்டிமீட்டர், கட்டை பெயர்க்கும் ஆரஞ்சு நெம்பி, எரியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு உபரி விளக்கு, நாலைந்து ஈர்க்குச்சி. ஈர்க்குச்சி என்றால் துடைப்பத்தில் இருப்பதேதான். குமிழ்களுக்கு நடுவே வயரைத் தள்ளி உட்காரவைக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஸ்க்ரூடிரைவர் முனை வயரின் தோலைக் கிழிக்கும், ஈர்க்குச்சி கிழிக்காது.

எதுவுமே எரியவில்லை

அடாப்டரில் போனைச் சொருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஏறினால் அடாப்டர் மேல் குற்றமில்லை. அடுத்து விளக்குக் கிட்டோடு வந்த ஸ்விட்ச். அதில் எந்தப் பக்கம் ஆன் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது, இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

கிட்டில் சி டைப் துளை இருந்து, இரண்டு முனையும் சி டைப்பாக உள்ள கேபிளில் மாட்டியிருந்தால் மேற்கொண்டு தேடாமல் அங்கேயே நில்லுங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதிரில் ஒரு கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, மின்சாரமும் விடாது. விலை குறைந்த கிட்களில் இந்தச் சில பைசா மின்தடையை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பி.யாக இருக்கும் கேபிளையும், அதற்கேற்ற அடாப்டரையும் போட்டால் எரியும். இல்லாததால் புதிதாக வாங்குவதென்றால் ஜங்ஷன் பக்கக் கடையில் வெறும் 'செல் சார்ஜர்' என்று கேட்காதீர்கள். "அண்ணாச்சி, 5 வோல்ட் 2 ஆம்ப், அகல யூ.எஸ்.பி. துளை உள்ளது குடுங்க" என்று கேளுங்கள். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் அடாப்டராக இருந்தாலும் பயமில்லை. கருவி கேட்காதவரை அது 5 வோல்ட்டைத் தாண்டாது.

டிவி செட்-டாப் பெட்டி, வைஃபை மோடம் ஆகியவற்றின் அடாப்டர் வேறு ரகம். அவை பெரும்பாலும் 12 வோல்ட். வயரை வெட்டி முறுக்கி அதில் இணைத்துவிட்டால் விளக்குகள் பளிச்சென்று ஒரு கணம் எரிந்து கருகும். அதற்குப் பிழை நீக்கமெல்லாம் கிடையாது, புது விளக்குதான்.

இவ்வளவும் சரி என்றால் பிளக்கின் திசையைப் பாருங்கள். போர்டில் சொருகும் குட்டிப் பிளக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகத் தொடுமுனை வெளியே தெரியும். பல கிட்களில் போர்டின் துளைக்கு இடப்பக்கம் = போல ஒரு குறி இருக்கும். உலோகம் தெரியும் பக்கம் அந்தக் குறியைப் பார்த்து நிற்க வேண்டும். சரியான திசையில் பிளக் மென்மையாக இறங்கும். இறங்க மறுத்தால் திருப்பிப் பாருங்கள். அழுத்தித் திணித்தால் துளைக்குள் இருக்கும் பின் மடங்கும். மடங்கியதைத் தையல் ஊசியால் நிமிர்த்தலாம்தான், ஆனால் இரண்டாம் முறை மடங்கினால் ஒடிந்தே போகும்.

பவர் பேங்கில் எரிந்து, அரை நிமிடத்தில் தானே அணைகிறது

இது கோளாறே இல்லை. போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. இழுக்கும் மின்னோட்டம் 50 முதல் 100 மில்லி ஆம்ப்புக்குக் கீழே போனால் பல பவர் பேங்குகள் தானே நின்றுவிடும். விளக்கு ஒன்றுக்கு 5 மில்லி ஆம்ப் என்று வைத்தால், 8 விளக்கு உள்ள சின்னக் கார் மாடல் 40 மில்லி ஆம்ப்தான் இழுக்கும். குறைந்த மின்னோட்ட முறை உள்ள பல பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் அது உடனே நிற்காமல் ஓடும். அந்த வசதி இல்லையென்றால் சுவர் அடாப்டருக்கு மாறுங்கள், அல்லது 3 பென்டார்ச் பேட்டரி போடும் பெட்டியை வையுங்கள்.

சிவப்பு பளிச், வெள்ளையும் நீலமும் மங்கல்

மின்னழுத்தம் போதவில்லை என்பதை மாடல் தன் வாயாலேயே சொல்கிறது. சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வேண்டும். அதனால் மின்னழுத்தம் இறங்கும்போது முதலில் சோர்வது வெள்ளையும் நீலமும்தான்.

பேட்டரிப் பெட்டியில் ரீசார்ஜ் பேட்டரி போட்டிருக்கிறீர்களா? சாதாரண பேட்டரி மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட் தரும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வீதம் 3.6 வோல்ட்தான். வெள்ளை விளக்கின் 3 வோல்ட் போக முன்பு 1.5 மிஞ்சியது, இப்போது 0.6 தான் மிஞ்சும். விளக்கில் ஓடும் மின்னோட்டத்தை முடிவு செய்வது இந்த மிச்சம்தான்.

அடாப்டரில் ஓடியும் இப்படி என்றால், அதுவும் தூரத்து விளக்குகள் மட்டும் மங்கினால், வயர் நீளம்தான் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே தாமிரபரணி மேல் 1843-இல் கட்டிய சுலோசனா முதலியார் பாலத்தை 11 வளைவோடு 1.2 மீட்டர் நீள மாடலாகச் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வளைவுக்கு 2 விளக்கு, மொத்தம் 22. ஒன்றுக்கு 10 மில்லி ஆம்ப் என்றால் 220 மில்லி ஆம்ப். 0.1 மி.மீ. தடிமன் உள்ள முடி போன்ற செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 2.2 ஓம் மின்தடை உண்டு. போக வர 2.4 மீட்டர், ஆக 5.3 ஓம். பாலத்தின் ஒரு கோடியில் மின்சாரம் கொடுத்தால், வழியெல்லாம் விளக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது போக, கடைசி வளைவில் 0.6 வோல்ட் அளவுக்குக் குறைந்திருக்கும். கண்ணுக்கே தெரியும் மங்கல் அது.

அதே மின்சாரத்தை நடு வளைவில், ஆறாவது தூணை ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் பாதித் தூரம், பாதி மின்னோட்டம். இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும், 0.15 வோல்ட்தான். புது வயர் வாங்க வேண்டாம், அடாப்டர் மாற்ற வேண்டாம், போர்டை நடுவுக்கு நகர்த்தினால் போதும். போர்டுக்கு அடுத்து போர்டு என்று சங்கிலியாக நீட்டுவதைவிட, நடுப் போர்டிலிருந்து கிளைகளாகப் பிரிப்பது எப்போதும் நல்லது.

ஒரு கிளை மட்டும் எரியவில்லை

எரியும் கிளையின் பிளக்கைக் கழற்றி, எரியாத கிளை இருந்த துளையில் போடுங்கள். எரிந்தால் துளை நல்லது, வயர்தான் கெட்டது. எரியாவிட்டால் துளையில் குற்றம். போர்டில் உபரித் துளை இருக்கும், அதற்கு மாறுங்கள். பிளக்கைக் கழற்றும்போது சாமணத்தால் பிளக்கின் உடம்பைப் பிடியுங்கள். வயரைப் பிடித்து இழுத்துத்தான் பெரும்பாலான வயர்கள் கழுத்தில் அறுகின்றன. வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

கெட்ட வயரை எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க, மின்சாரம் கொடுத்துவிட்டு பிளக் கழுத்து, கட்டைக்குள் நுழையும் இடம், விளக்கின் பற்றவைப்பு என்று மூன்று இடத்தில் மட்டும் லேசாக வளைத்துப் பாருங்கள். எங்கே மினுக்குகிறதோ அங்கேதான் அறுப்பு.

ஒட்டுப்போடுவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு முனையிலும் 5 மி.மீ. தோலை உரித்து, ஈயம் பூசி, பின் சேர்த்துப் பற்றவையுங்கள். இரண்டு வயரின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் 1 செ.மீ. தள்ளித் தள்ளி இருந்தால் ஒன்றோடொன்று உரசாது. எது பிளஸ், எது மைனஸ் என்று வெட்டும் முன்பே பேனாவால் குறியிடுங்கள், மாறினால் எல்.இ.டி. எரியாது. ஒட்டின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி மூடும் சுருக்கு டியூப் இல்லையென்று நெயில் பாலிஷ் பூசுவோர் உண்டு, அதுவும் செல்லும். ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே கட்டைக்குள் வையுங்கள். ஈரத்தோடு பட்டால் அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலைத் தின்றுவிடும்.

போர்டு சுடுகிறது, அல்லது எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து எரிகிறது

உடனே மின்சாரத்தை எடுங்கள். இது ஷார்ட். நல்ல நிலையில் உள்ள போர்டு வெதுவெதுப்பாக இருக்கலாம், விரல் வைக்க முடியாத சூடு கூடாது.

எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். போர்டில் ஒன்றுமில்லாமல் மின்சாரம் கொடுங்கள். சூடு இல்லையென்றால் ஒவ்வொரு கிளையாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி பொறுங்கள். எந்தக் கிளை சேர்ந்ததும் மற்றவை மங்குகின்றனவோ அதுதான் குற்றவாளி. அந்தக் கிளை போகும் வழியில், கடைசியாக அழுத்திய கட்டையை முதலில் பெயர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் குமிழின் தலை மேல் நசுங்கிய வயர் அங்கே கிடைக்கும்.

வெளிச்சம் நன்றாகப் பிரதிபலிக்கட்டும் என்று உள்ளே சாக்லேட் சுற்றிய வெள்ளித் தாளை ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது அலுமினியம், போர்டின் பின்புறத்தைத் தொட்டால் அதுவே ஷார்ட்.

கட்டை முழுதாக இறங்கவில்லை, சந்து தெரிகிறது

வயர் மறைக்கும் வேலையில் அதிகம் சொதப்புவது இங்கேதான். அளவுகளை மனதில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். குமிழுக்குக் குமிழ் நடு அளவு 8 மி.மீ. ஒரு குமிழின் குறுக்களவு 4.8 மி.மீ. ஆக, பக்கத்துக் குமிழ்களுக்கு நடுவே 3.2 மி.மீ. வாய்க்கால் இருக்கிறது. வயர் ஓட வேண்டிய இடம் அந்த வாய்க்கால்தான். குமிழ் தலையில் ஒரு நூலிழை ஏறினாலும் கட்டை இறங்காது. இறங்கவைத்தே தீருவேன் என்று உள்ளங்கையால் குத்தினால் வயர் அறுகும்.

வாய்க்காலில் போட்டும் கட்டை தூக்கி நிற்கிறதா? வயர்கள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகின்றன என்று பொருள். மேல் கட்டையின் சுவர் கீழ்ப் பலகையைத் தொடும் இடத்தில் ஒரு வயரின் தடிமன் அடங்கிவிடும், இரண்டின் தடிமன் அடங்காது. அதனால்:

— வயர்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வையுங்கள், குறுக்கே விட வேண்டிய இடத்தைக் கட்டைச் சுவருக்கு அடியில் வைக்காமல் கட்டையின் உள் பொள்ளலுக்கு நேரே வையுங்கள்.

— முறுக்கிய இரட்டை வயர் என்றால், சுவர் தாண்டும் இடத்தில் மட்டும் 1 செ.மீ. முறுக்கைப் பிரித்துத் தட்டையாக்குங்கள்.

— கட்டையை இரண்டு கோடியிலும் இரண்டு விரலால் சமமாக அழுத்துங்கள். ஒரு கோடி முதலில் இறங்கினால் அது கத்தரிபோல வயரைக் கடிக்கும்.

— குமிழ் இல்லாத தட்டைக் கட்டையான டைல் இறங்காமல் நின்றால் அதற்குப் பதில் 15573 எண் ஜம்பர் பிளேட்டை வையுங்கள். நடுவில் ஒரே குமிழ் உள்ள அதன் இருபுறமும் மேலே இடம் கிடைக்கும்.

மூன்று நான்கு வயர் ஒரே இடத்தில் சுவர் தாண்ட வேண்டியிருந்தால், வாய்க்காலை நம்பாமல் அங்கே ஒரு துளைக் கட்டையை வைத்துவிடுவதே எங்கள் சிபாரிசு. 3700 என்ற 1x2 டெக்னிக் கட்டையில் 4.8 மி.மீ. துளை இருக்கிறது. 1x1 அளவில் வேண்டுமென்றால் 6541. காரின் முன்விளக்குக்கு 4070, அதன் பின்புறமே திறந்திருக்கும். சின்ன வட்டக் கண்ணாடி பிளேட்டுக்குள் வயர் செருக 85861 எண் திறந்த குமிழ் பிளேட் உதவும். கடையில் உதிரியாகக் கேட்கும்போது பெயரைவிட எண் சொல்வதே பிழையில்லாத வழி.

உயரமான கோபுரத்தில் வயர் ஏறவில்லை

கோவில் கோபுரம், கலங்கரை விளக்கம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் என்று உச்சியில் ஒரு விளக்கு வேண்டும் எனும் எல்லா மாடலுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 3062 எண் 1x1 வட்டக் கட்டைகளை அடுக்கினால் உள்ளே துளை நேராக வரும். ஆனால் குமிழின் அந்தத் துளை 3.2 மி.மீ.தான். வயர் போகும், பிளக் பெரும்பாலும் போகாது. கோபுரத்தைக் கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. முதல் கட்டையிலேயே பிளக்கை நுழைத்துப் பாருங்கள்.

நல்ல வழி, கோபுரத்தின் உடம்பை 4x4 அளவில், ஒரு குமிழ் தடிமன் சுவராகக் கட்டுவது. நடுவே 2x2, அதாவது 16 மி.மீ. பொள்ளல் கிடைக்கும். கட்டிய பிறகு வயர் ஏற்ற, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் தையல் நூலில் ஒரு கருகமணியைக் கட்டி உச்சியிலிருந்து இறக்குங்கள். மணி அடியில் வந்ததும் நூலின் அடி முனையைப் பிளக்குக்குப் பின்னால், வயரோடு சேர்த்துக் கட்டி, மேலிருந்து இழுங்கள். இழுக்கும் பாரம் பிளக்கின் உடம்பில் விழ வேண்டும், பற்றவைப்பில் விழக்கூடாது. உச்சிக் கூம்புக்குக் கீழே 3 செ.மீ. வயரைத் தளர்வாகச் சுருட்டி விடுங்கள். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் நாளைக்குக் கூம்பைக் கழற்றும்போது விளக்கும் கையோடு வரும்.

வெளிப்புறமாகத்தான் வயர் வர முடியும் என்றால் பின்பக்கச் சுவரில், இரண்டு கட்டை சேரும் செங்குத்துக் கோட்டில் விடுங்கள். கட்டைகளுக்கு நடுவே 0.2 மி.மீ. அளவுக்கு இயல்பாகவே இடைவெளி உண்டு, கண்ணும் அந்தக் கோட்டைக் கோடாகவே எடுத்துக்கொள்ளும். கறுப்புச் சுவரில் வெள்ளை வயர் என்றால் பர்மனென்ட் மார்க்கரால் வயரை மட்டும் கறுப்பாக்குங்கள்.

சுவர் முழுவதும் ஒளி கசிகிறது

வெள்ளை, மஞ்சள், சந்தன நிறக் கட்டைகள் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். கறுப்பு விடாது. வீட்டுச் சுவரே மிட்டாய்ப் பெட்டி போல மினுங்கினால் உள்பக்கம் ஒரு வரிசை கறுப்புக் கட்டை வையுங்கள், இடமில்லையென்றால் கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி வையுங்கள். ஜன்னலில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கண்ணைக் குத்தினால் கண்ணாடிக் கட்டைக்குப் பின்னால் பட்டர் பேப்பர் ஒரு துண்டு போதும்.

ரிமோட் வேலை செய்யவில்லை

புது ரிமோட்டின் பேட்டரிக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உருவினீர்களா? உருவியாயிற்று என்றால் போனின் செல்ஃபி கேமரா முன் ரிமோட்டைப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் நல்லது. மாடலில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கண்தான் ஏதோ கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை வயரோடு சேர்த்து மறைத்துவிடுவது எல்லோரும் செய்கிற தவறு.

ஆறு மாதம் நன்றாக எரிந்தது, இப்போது மினுக்குகிறது

ஊரைப் பொறுத்துக் காரணம் மாறும். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிளக்கின் தொடுமுனையில் பச்சை பூக்கவைக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் ஈரம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து ஆடிக்காற்றில் வரும் சிவந்த மணல் மாவுபோலத் துளைகளுக்குள் இறங்கும். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான். மின்சாரத்தை எடுத்துவிட்டு, செல்போன் பழுதுக் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து, கால்மணி நேரம் காயவிட்டுச் சொருகுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அந்தப் பக்கமே வரக்கூடாது, கட்டை உருகும்.

சித்திரை வெயிலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழியும், பிடித்திருந்த வயர் தொங்கும். தேன் நிறக் கேப்டான் டேப் இந்தச் சூட்டுக்குத் தாங்கும். ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்ட கண்ணாடிக் கட்டையில் வெள்ளைப் புகை படிந்தால் துடைத்தாலும் போகாது.

ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலங்களில் இன்னொரு விருந்தாளி உண்டு: ஈசல். அறையில் மற்ற விளக்கு அணைந்து மாடல் மட்டும் எரிந்தால் மொத்தக் கூட்டமும் அதற்குள்தான் போகும். உதிர்ந்த இறகு சந்துகளில் அடைத்துக்கொள்ளும், மறுநாள் அதைத் தேடி எறும்பு வரிசை வரும். அந்த ஒரு மணி நேரம் மாடலை அணைத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்.